பழைய வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் வாங்கப் போறீங்களா? பேரம் பேசும் முன் இதையெல்லாம் பாருங்க!

ரெவிட், சாலிட்வொர்க்ஸ், பிளெண்டர், டாவின்சி ரிசால்வ் என்று கனமான மென்பொருள்களை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்களுக்கு ஒரு சாதாரண லேப்டாப் போதாது. அதற்கென்றே தயாரிக்கப்படும் 'மொபைல் வொர்க்ஸ்டேஷன்' லேப்டாப்களோ, உயர்ரக மாடல் என்றால் புதிதாக 2 லட்சம் ரூபாயை எளிதில் தாண்டிவிடுகின்றன. இந்த இடத்தில்தான் செகண்ட் ஹேண்ட் சந்தை கைகொடுக்கிறது. பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் லீஸில் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் மெஷின்கள், சுத்தம் செய்யப்பட்டு 'ரீஃபர்பிஷ்டு' என்ற பெயரில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. ஒரு சுமாரான புது லேப்டாப்பின் விலையில், ஒரு காலத்தில் லட்சங்களில் விற்ற மெஷின் கிடைக்கிறது.

நல்ல விஷயம்தான். ஆனால், இதில் சேமிப்பைப் போட்டுவிட்டு ஒரே வாரத்தில் தலையில் கை வைத்து உட்காரும் ஆபத்தும் இருக்கிறது. காரணம், பெரும்பாலானோர் கடையில் கேட்கும் முதல் கேள்வி 'ரேம் எவ்வளவு? எஸ்எஸ்டி எவ்வளவு?' என்பதுதான். இவை இரண்டும் பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடியவை. மாற்றவே முடியாத விஷயங்கள் வேறு இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் வாங்கணும். மாற்ற முடிந்தவற்றை விலையைக் குறைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எந்த மாடல்கள்?

இந்த வகையில் டெல் பிரிசிஷன், லெனோவோ திங்க்பேட் பி சீரிஸ், எச்பி இசட்புக் ஆகிய மூன்றும்தான் இந்தியச் சந்தையில் அதிகம் புழங்குபவை. ஒரே குடும்பப் பெயர் என்பதற்காக எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பிரிசிஷன் 7530, திங்க்பேட் பி52, இசட்புக் 15 ஜி5 போன்ற தடிமனான மாடல்களில் ரேமுக்கு நான்கு ஸ்லாட்டுகள் இருக்கும். பிரிசிஷன் 5550, திங்க்பேட் பி1 போன்ற மெலிதான மாடல்களில் இரண்டுதான். திங்க்பேட் பி14எஸ் போன்ற சிறிய மாடல்களில் ரேமின் ஒரு பகுதி மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டு வந்தது. பார்க்க அழகாக, எடை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, பிறகு ரேம் ஏற்ற முடியாமல் திணறுவது இப்படித்தான். கனமான வேலைக்கு என்றால் தடி மாடலே நல்லது. முதுகு கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது பிராசஸரின் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமென்றால் பொதுவாக இன்டெல் 8-ம் தலைமுறையும், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். அதாவது 2018-ல் வந்த மாடல்களில் இருந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய 7520, பி51, 15 ஜி4 போன்றவை விலை மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவுக்குக் காரணமே இதுதான்.

'இது ஜியான் பிராசஸர் சார், சர்வர்ல போடுறது' என்று சொல்லி ஐந்தாயிரம், பத்தாயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். 8-ம் தலைமுறையில் லேப்டாப்புக்கு வந்த ஜியான் இ-2176எம், கோர் ஐ7-8850எச் இரண்டுமே 6 கோர்கள் கொண்டவை. ஒன்றின் வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 4.4 வரை போகும். மற்றது 2.6-ல் தொடங்கி 4.3 வரை. வித்தியாசம் இவ்வளவே. ஜியானின் உண்மையான பலன், பிழை திருத்தும் 'இசிசி' ரேமைப் பயன்படுத்தலாம் என்பது. நாள்கணக்கில் கணக்கீடு ஓட்டும் பொறியாளருக்கு அது தேவைப்படலாம். வீட்டு பிளான் போடுபவருக்கும் கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கும் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

கிராபிக்ஸ் கார்டில்தான் குழப்பம்

இந்த மெஷின்களில் இருப்பது கேமிங் லேப்டாப்களில் வரும் ஜிஃபோர்ஸ் அல்ல, 'குவாட்ரோ' வகை. குவாட்ரோ என்ற பெயரை என்விடியா பின்னர் கைவிட்டு, ஆர்டிஎக்ஸ் ஏ2000 என்பது போன்ற பெயர்களுக்கு மாறிவிட்டது. இரண்டுக்கும் முக்கிய வித்தியாசம் டிரைவரும் சான்றிதழும்தான். ஆட்டோடெஸ்க், சாலிட்வொர்க்ஸ், சீமென்ஸ் போன்ற நிறுவனங்களின் மென்பொருள்களோடு சோதிக்கப்பட்டு, சான்று பெற்ற கார்டுகள் இவை. சாலிட்வொர்க்ஸில் 'ரியல்வியூ' வசதிக்கு சான்று பெற்ற கார்டுதான் வேண்டும். அந்த மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் வேலை பிளெண்டரிலும் வீடியோ எடிட்டிங்கிலும் மட்டும்தான் என்றால், அதே பணத்துக்குக் கிடைக்கும் ஒரு கேமிங் லேப்டாப் இன்னும் வேகமாக ஓடக்கூடும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

பி1000, பி2000, பி3200 என்று 'பி'யில் தொடங்குபவை பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்தவை. முதல் இரண்டில் 4 ஜிபி வீடியோ மெமரி, பி3200-ல் 6 ஜிபி. என்விடியா 2025-ல் வெளியிட்ட 'குடா' 13 பதிப்பில் பாஸ்கலுக்கான ஆதரவை நீக்கிவிட்டது. ஏஐ கருவிகள், புதிய ரெண்டரிங் மென்பொருள்கள் என்று போகப்போக இந்தக் கார்டுகள் ஒவ்வொன்றாக வழிவிட்டு ஒதுங்க வேண்டியதுதான். ஆட்டோகேட் 2டி வேலைக்கு இன்னும் தாராளமாகப் போதும். 3டி ரெண்டரிங்தான் தொழில் என்றால் அடுத்த தலைமுறையான டூரிங் கார்டுகளில் இருந்து பாருங்கள். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. 'குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 3000' என்பது 2019-ல் வந்த டூரிங் கார்டு. ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 3000 என்ற எண்ணைப் பார்த்து 30 சீரிஸ் என்று எண்ணிவிட வேண்டாம்.

'பின்னாடி கார்டை மாத்திக்கலாமே?' என்று கேட்டால், நடைமுறையில் முடியாது என்பதே பதில். பல மாடல்களில் கார்டு மதர்போர்டோடு சேர்ந்தே வருகிறது. டெல் 7000 வரிசையில் தனி போர்டாக இருந்தாலும் 2018 முதல் அது டெல்லின் சொந்த வடிவம். வேறு நிறுவனக் கார்டு பொருந்தாது. அதே வடிவத்தில் பெரிய கார்டு கிடைத்தாலும் அதற்கேற்ற ஹீட்சிங்க், கூடுதல் வாட் அடாப்டர் எல்லாம் தேட வேண்டும். பிராசஸரும் அப்படித்தான். இன்டெல் லேப்டாப்களில் பிராசஸரைக் கழற்றி மாட்டும் காலம் 4-ம் தலைமுறையோடு முடிந்துவிட்டது.

பூட்டிய வீட்டை வாங்கிவிடாதீர்கள்

செகண்ட் ஹேண்ட் வொர்க்ஸ்டேஷனில் மிகப் பெரிய ஆபத்து வேகத்தில் இல்லை, பூட்டில் இருக்கிறது. இவை நிறுவனங்களில் இருந்து வருபவை என்பதால் அவற்றின் பாதுகாப்பு ஏற்பாடுகளும் சில நேரம் கூடவே வந்துவிடும்.

முதலாவது, பயாஸ் பாஸ்வேர்டு. கடையில் லேப்டாப்பை ஆன் செய்யும்போதே டெல்லில் எஃப்2, லெனோவோவில் எஃப்1, எச்பியில் எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால், கடைக்காரர் அங்கேயே அதை நீக்கிக் கொடுக்க வேண்டும். 'அது ஒண்ணும் பண்ணாது சார், விண்டோஸ் ஓடுதுல்ல' என்ற பதிலை ஏற்காதீர்கள். நாளைக்கே எஸ்எஸ்டி மாற்றும்போது பூட் செட்டிங்கைத் தொட முடியாது.

இரண்டாவது, 'ஆப்சல்யூட்' அல்லது 'கம்ப்யூட்ரேஸ்'. திருடுபோன லேப்டாப்பைக் கண்டுபிடிக்கவும், தூரத்தில் இருந்தே முடக்கவும் நிறுவனங்கள் பயன்படுத்தும் ஏற்பாடு இது. விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் பயாஸில் இருந்து உயிர்பெற்று வந்துவிடும். பயாஸில் இது 'ஆக்டிவேட்' நிலையில் இருந்தால், பழைய நிறுவனம் விடுவிக்காத மெஷின் என்று அர்த்தம். அதை வாங்காமல் வருவதே நல்லது.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. மைக்ரோசாஃப்டின் 'ஆட்டோபைலட்' என்ற வசதி மூலம் லேப்டாப்பின் ஹார்ட்வேர் அடையாளத்தையே ஒரு நிறுவனத்தின் கணக்கில் பதிவு செய்து வைக்கலாம். கடையில் நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்து விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபை இணைத்த அடுத்த நிமிடம் முன்பின் தெரியாத கம்பெனியின் பெயரோடு 'ஆபீஸ் மெயில் ஐடியைக் கொடு' என்று திரை வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கடையிலேயே இணையத்தோடு இணைத்து ஒரு முறை ரீசெட் செய்து காட்டச் சொல்வதுதான். நேரம் எடுக்கும். காத்திருக்கலாம், போகப்போவது உங்கள் பணம்.

டெல் லேப்டாப்பின் அடியில் இருக்கும் சர்வீஸ் டேக் எண்ணை டெல் இணையதளத்தில் போட்டால், அது தொழிற்சாலையில் இருந்து வந்தபோது என்ன கார்டு, என்ன திரை, என்ன ரேம் இருந்தது என்ற விவரம் வரும். லெனோவோ, எச்பி தளங்களிலும் சீரியல் எண்ணைக் கொண்டு வாரண்டியைப் பார்க்கலாம். பயாஸுக்குள் தெரியும் எண்ணும் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வேறாக இருந்தால் மதர்போர்டோ அடிமூடியோ மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியதே தவறு என்பதல்ல, ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். அந்த சீரியல் எண்ணோடு பில் வாங்குவதும் முக்கியம்.

கடையிலேயே 20 நிமிட சோதனை

ஆன் ஆகிறது, யூடியூப் ஓடுகிறது என்பதெல்லாம் சோதனை ஆகாது. 'எச்டபிள்யூஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் எடுத்துப் போங்கள். கூடவே சினிபெஞ்ச் போன்ற ஏதாவது ஒரு சோதனை மென்பொருளும் வேண்டும். சார்ஜரை மாட்டிவிட்டு 15 முதல் 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள். வெப்பம் 90 டிகிரியைத் தாண்டுவது இந்த மெஷின்களில் அதிசயமில்லை. அதற்காகப் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது பிராசஸரின் வேகம். கொஞ்சம் இறங்கி ஒரு நிலையில் நின்றால் சரி. ஏறி இறங்கித் தள்ளாடினால் தூசி அடைத்திருக்கலாம், அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். இரண்டும் சரிசெய்யக் கூடியவை, விலையில் குறைத்துக் கேளுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கும் இதே மாதிரி சோதனை செய்யுங்கள். ஓடும்போது திரையில் கோடுகளோ கட்டங்களோ வந்தால் அது கார்டு சாகப்போவதன் அறிகுறி. எந்த விலைக்கும் வேண்டாம்.

ஒவ்வொரு நிறுவனமும் பயாஸிலேயே ஒரு சோதனைக் கருவியை வைத்திருக்கிறது. டெல்லில் எஃப்12 மெனுவில் 'டயக்னாஸ்டிக்ஸ்', லெனோவோவில் எஃப்10, எச்பியில் எஃப்2. விண்டோஸையே நம்பாமல் ரேம், ஃபேன், டிஸ்க் எல்லாவற்றையும் அது பார்த்துச் சொல்லிவிடும்.

பேட்டரி பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். மாற்றிக்கொள்ளலாம், தவிர இந்த மெஷின்கள் கனமான வேலையில் பேட்டரியில் ஓடுவது சொற்ப நேரம்தான். ஆனால் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு இருந்தாலோ, அடிமூடி உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அது தீப்பிடிக்கும் அபாயம். புது பேட்டரி போட்டுத் தந்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

சார்ஜர் சின்ன விஷயம் இல்லை

இவற்றில் தடிமனான லேப்டாப்களுக்கு மாடலையும் கார்டையும் பொறுத்து பொதுவாக 150 வாட்டில் இருந்து 240 வாட் வரை அடாப்டர் தேவைப்படும். செங்கல் சைஸில் இருக்கும். கடைகளில் சில சமயம், 'இதுவும் அதே பின்தான் சார்' என்று 65 அல்லது 90 வாட் அடாப்டரைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாட்டினால் லேப்டாப் ஓடும், ஆனால் ஆமை வேகத்தில். தேவையான மின்சாரம் வரவில்லை என்று தெரிந்ததும் மெஷின் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்கிறது. பிராசஸர் 0.8 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் போய் அசையாமல் நின்றுவிட்டால், வைரஸைத் தேடாதீர்கள், முதலில் அடாப்டரைப் பாருங்கள்.

டெல் அடாப்டரின் நடுவில் ஊசிபோல ஒரு பின் இருக்கும். அதன் வழியாகத்தான் 'நான் இத்தனை வாட் அடாப்டர்' என்ற தகவல் லேப்டாப்புக்குப் போகிறது. அந்தப் பின் வளைந்தாலோ, வயர் உள்ளே அறுந்தாலோ, டூப்ளிகேட் அடாப்டரில் அந்தத் தகவல் இல்லாமல் போனாலோ 'அடாப்டர் வகையைக் கண்டறிய முடியவில்லை' என்ற எச்சரிக்கை வரும். பேட்டரியும் சார்ஜ் ஏறாது, வேகமும் வராது. மதர்போர்டு போய்விட்டது என்று ஆயிரக்கணக்கில் பில் போடப்படும் முன், வேறொரு ஒரிஜினல் அடாப்டரை மாட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அப்கிரேட்: எதற்குச் செலவு செய்யலாம்?

முதல் செலவு ரேம். பழைய மெஷின்களில் பெரும்பாலும் ஒரே ஒரு 16 ஜிபி ஸ்டிக் மட்டும் மாட்டி விற்பார்கள். ஒரே அளவில் இரண்டு ஸ்டிக் போட்டால் டூயல் சேனலில் ஓடும், வேலை வேகம் கூடும். நான்கு ஸ்லாட் மாடல்களில் இரண்டு அடிமூடிக்குக் கீழேயும், இரண்டு கீபோர்டுக்கு அடியிலும் இருப்பது வழக்கம். 'ஸ்லாட் ரெண்டுதான் இருக்கு' என்று சர்வீஸ் கடையில் சொன்னால் கீபோர்டைக் கழற்றச் சொல்லுங்கள். பிரிசிஷன் 7530-ம் திங்க்பேட் பி52-ம் 128 ஜிபி வரை ஏற்கும். இசிசி ரேமையும் சாதாரண ரேமையும் கலந்து போடக் கூடாது.

2022-க்குப் பிந்தைய மாடல் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்கணும். டெல் அந்த ஆண்டு பிரிசிஷன் 7670, 7770 மாடல்களில் 'கேம்' என்ற புதுவகை ரேமைக் கொண்டுவந்தது. ஸ்லாட்டில் செருகுவது போலன்றி, தட்டையான ஒரே பலகையாக ஸ்குரூ போட்டு இறுக்குவது. 2023 டிசம்பரில் இதை அடிப்படையாகக் கொண்ட 'கேம்2' வடிவத்தை ஜெடெக் அமைப்பு பொதுத் தரமாக வெளியிட்டது. ஆனாலும் சாதாரண ரேம் போல எந்தக் கடையிலும் கிடைக்கிற பொருள் அல்ல இது. ஒரே மாடல் பெயரில் சாதாரண ரேம் போட்டதும் உண்டு, கேம் போட்டதும் உண்டு. அடிமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி விஷயத்தில் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். 8, 9, 10-ம் தலைமுறை மெஷின்கள் பிசிஐஇ ஜென் 3 வேகத்தில்தான் பேசும். விலை உயர்ந்த ஜென் 4 எஸ்எஸ்டி போட்டாலும் ஜென் 3 வேகமே கிடைக்கும். ஜென் 4 வேகம் 11-ம் தலைமுறையில் இருந்துதான்.

எதைத் திறப்பதாக இருந்தாலும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு ரேமைத் தொட்டு போர்டைச் சுட்டுக்கொள்வது தேவையற்ற செலவு.

பிரச்னை வந்தால் எங்கே தேடுவது?

ரேம் ஏற்றிய பிறகு திரை கறுப்பாகவே இருந்தால் உடனே ஆஃப் செய்யாதீர்கள். புதிய ரேமை அறிந்துகொள்ள மெஷின் ஒரு நிமிடத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், டெல் லேப்டாப்பில் பேட்டரி விளக்கின் மினுக்கலை எண்ணுங்கள். ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்றால் ரேம் கண்டுபிடிக்கப்படவில்லை. 2, 4 என்றால் ரேம் பழுது. 2, 7 என்றால் திரைப் பிரச்னை. சர்வீஸ் கடைக்குப் போகும்போது இந்த எண்ணைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

புது எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் ஏற்றும்போது 'டிஸ்க்கே இல்லை' என்று வந்தால் எஸ்எஸ்டி பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். பயாஸில் ஸ்டோரேஜ் முறை 'ரெய்டு' என்று இருக்கும். அதை 'ஏஎச்சிஐ' என்று மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். விண்டோஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் மட்டும் இதை மாற்றாதீர்கள், பூட் ஆகாமல் நின்றுவிடும்.

'குவாட்ரோ இருந்தும் 3டி மாடல் சுற்றும்போது இழுக்குது' என்பது அடிக்கடி கேட்கும் புகார். இந்த மெஷின்களில் இன்டெல் கிராபிக்ஸ், என்விடியா என இரண்டு இருக்கின்றன. மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் சில நேரம் இன்டெலையே பயன்படுத்தும். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள் கிராபிக்ஸ் என்று இருக்கும். அங்கே அந்த மென்பொருளைச் சேர்த்து 'ஹை பெர்ஃபாமன்ஸ்' என்று மாற்றிவிட்டால் போதும்.

பயாஸ் அப்டேட் செய்யும் முன் பிட்லாக்கரை தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் மறுபடி ஆன் ஆகும்போது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே பல லேப்டாப்களில் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டுவிடுகிறது. கீ அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். மதர்போர்டு ஒருநாள் முழுதாகக் கைவிட்டாலும், எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி எஸ்எஸ்டி கேஸில் போட்டு கிளையண்ட் ஃபைல்களை எடுத்துவிடலாம். அப்போதும் அது கேட்கப்போவது அதே 48 இலக்க எண்ணைத்தான். இன்றைக்கே அதை ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பைக்குள் வைக்காமல் வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.